ஒரே கூடம், நான்கு டெனர்கள்: எந்த இசைத்தட்டில் தொடங்குவது?

ஜாஸ் கேட்கத் தொடங்கும் ஒருவர், டெனர் சாக்ஸஃபோன் முன்னிற்கும் நால்வர் குழு இசைத்தட்டு ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பெயர்களைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஒன்று சோனி ரோலின்ஸ் 1956இல் பதிவுசெய்த 'சாக்ஸஃபோன் கொலோசஸ்'. மற்றொன்று ஜான் கோல்ட்ரேனின் 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்'. இரண்டிலும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அவை எப்படியும் உங்களைத் தேடி வந்துவிடும். நாம் தேடிப் போக வேண்டியவை அந்த இருவரின் நிழலில் நின்றுபோனவர்களுடைய இசைத்தட்டுகள். அவற்றில் ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்குவதென்றால் எதை வாங்கலாம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹாங்க் மோப்லியின் 'சோல் ஸ்டேஷன்'. ஆனால் அது போட்டியின்றி வென்றுவிடவில்லை. டெக்ஸ்டர் கார்டனின் 'கோ', ஐக் கியூபெக்கின் 'ப்ளூ அண்ட் செண்டிமெண்டல்', புக்கர் எர்வினின் 'த ஃப்ரீடம் புக்' ஆகிய மூன்றுக்கும் நியாயமான உரிமை இருக்கிறது. உங்கள் காது எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து இந்த மூன்றில் ஒன்று உங்களுக்கு மோப்லியைவிடப் பொருத்தமாக இருக்கவும் கூடும்.

இந்த நான்கையும் ஒன்றாக நிறுத்தக் காரணம் உண்டு. நான்கும் 1960 பிப்ரவரிக்கும் 1963 டிசம்பருக்கும் இடைப்பட்ட காலத்தில், நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில், ரூடி வான் கெல்டர் என்ற ஒரே ஒலிப்பதிவாளரின் கூடத்தில் பதிவானவை. வான் கெல்டர் படித்தது கண் பரிசோதனைத் தொழில். பல ஆண்டுகள் பகலில் மூக்குக் கண்ணாடிக்கு எண் எழுதிக் கொடுத்துவிட்டு, மற்ற நேரத்தில் ஹாக்கென்சாக்கில் இருந்த பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் பதிவு செய்தவர். 1959இல்தான் தனக்கென்று மரக்கூரை உயர்ந்த, கோயில் மண்டபம் போன்ற இந்தக் கூடத்தைக் கட்டிக்கொண்டு முழுநேரமாக இதில் இறங்கினார். அவர் பதிவில் பியானோ மட்டும் பெட்டிக்குள் அடைபட்டதுபோல் கேட்கும் என்று ஒரு பழைய புகார் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் சாக்ஸஃபோனை அவர் பிடிக்கும் அழகு தனி. வாசிப்பவரின் மூச்சு, நாணல் தகட்டின் அதிர்வு, உலோகத்தின் கனம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நமக்கு இதில் ஒரு வசதி கிடைக்கிறது. கூடமும் பதிவாளரும் மாறாததால், இந்த நான்கு இசைத்தட்டுகளுக்கு இடையே கேட்கும் வித்தியாசம் பெரும்பாலும் வாசித்தவர்களுடைய வித்தியாசம்தான்.

நம் ஊரில் சாக்ஸஃபோன் என்றாலே பலருக்குக் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஆல்டோ. டெனர் அதைவிடப் பெரியது, குரல் கீழே இறங்கியது, ஆண்குரலுக்கு நெருக்கமானது. அந்த நாதத்தை எதிர்பார்த்து வருகிறவர் முதல் சில நிமிடங்கள் காதைக் கொஞ்சம் தணித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நால்வர் குழுவில் யார் யார் இருப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் சாக்ஸஃபோன். பின்னால் பியானோ, நின்றுகொண்டு விரலால் மீட்டும் பெரிய பாஸ், டிரம்ஸ். டிரம்பெட் போன்ற இன்னொரு ஊதுகருவி துணைக்கு இல்லை. பாட்டின் மெட்டைத் தொடங்குவதும் முடிப்பதும், நடுவில் நீளமான கற்பனைப் பகுதியைத் தாங்குவதும் ஒரே ஆளின் பொறுப்பு. ஒளிந்துகொள்ள இடமில்லாத அமைப்பு இது. அதனால்தான் பெரும்பாலான டெனர்காரர்கள் நால்வர் குழு என்றதும் முழு மேடையையும் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். மோப்லி அப்படிச் செய்யவில்லை. என் தேர்வுக்கு அடிப்படையே அதுதான்.

மோப்லி: இடம் விடுகிறவர்

ஹாங்க் மோப்லி 1930இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் வளர்ந்தவர். ஹோரஸ் சில்வரும் ஆர்ட் பிளேக்கியும் சேர்ந்து நடத்திய ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவின் தொடக்ககால உறுப்பினர். 1950களில் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக அவர் வாசிக்காத வாரமே இல்லையோ என்று தோன்றும் அளவுக்கு இசைத்தட்டுகள் இருக்கின்றன. பலவற்றில் டிரம்பெட் கலைஞர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். 1960 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை அவர் வான் கெல்டரின் கூடத்துக்குப் போனபோது அப்படி யாரும் இல்லை. பியானோவில் விண்டன் கெல்லி, பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் பிளேக்கி. கெல்லியும் சேம்பர்ஸும் அப்போது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தவர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கோல்ட்ரேனின் 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்' இசைத்தட்டில் இடம்பெற்ற 'நைமா' என்ற மெல்லிசையில் இருவரும் வாசித்திருந்தார்கள். பிளேக்கியோ மோப்லியின் பழைய தலைவர்.

ஆறு பாடல்கள், 40 நிமிடத்துக்கும் குறைவு. நான்கு மோப்லி எழுதியவை, இரண்டு பழைய பாட்டுகள். முதலில் வருவது இர்விங் பெர்லின் 1925இல் எழுதிய 'ரிமெம்பர்'. அது மூன்று எண்ணிக்கையில் சுழலும் வால்ட்ஸ் நடைப் பாட்டு, பிரிவின் சோகம் சொல்வது. மோப்லி அதை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி, சோகத்தை அப்படியே உதறிவிட்டு, மாலையில் காலாற நடக்கப் போகிறவர் வேகத்தில் தொடங்குகிறார். மெட்டின் சில சுரங்களைக் கத்தரித்துக் குறுக்கி வைக்கிறார். அதனால் உண்டாகும் சந்துகளில் சேம்பர்ஸின் பாஸ் வந்து உட்காருகிறது. தொடக்கத்தில் பாஸ் நான்கு எண்ணிக்கைக்கு இரண்டு அடி மட்டும் வைத்து நிதானிக்கும். மோப்லியின் சொந்தக் கற்பனை தொடங்கும்போது நான்கு அடியாகி நடக்கத் தொடங்கும். அந்த மாற்றத்தைக் காது பிடித்துவிட்டால் ஸ்விங் என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது பாதி புரிந்துவிடும்.

இரண்டாவதாக வரும் 'திஸ் ஐ டிக் ஆஃப் யூ' மோப்லியே எழுதியது. இந்த இசைத்தட்டை வாங்கலாமா வேண்டாமா என்று சோதிக்க ஒரே ஒரு பாடல் போதும் என்றால் அது இதுதான். மெட்டின் ஒரு பகுதியில் பியானோ, பாஸ், டிரம்ஸ் சேர்ந்த தாளக்குழு ஒரே இடத்தில் நின்று துள்ளும், அடுத்த பகுதியில் ஓடத் தொடங்கும். மெட்டு முடிந்ததும் தலைவர்தானே முதலில் வாசிக்க வேண்டும்? மோப்லி ஒதுங்கிக்கொள்கிறார். கெல்லிதான் முதலில் வாசிக்கிறார், அதுவும் தன் வாழ்நாளின் சிறந்த வாசிப்புகளில் ஒன்றை. அவர் எழுப்பி வைத்த உற்சாகத்தின் மேல் மோப்லி வந்து ஏறுகிறார். வேகம் அதிகம்தான், ஆனால் ஒரு சுரமும் நசுங்கவில்லை. ஒரு சொற்றொடர் முடியுமிடத்தில் அடுத்தது முளைக்கிறது. தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்து நின்று, விழப்போகிறார் என்று நாம் நினைக்கும் நேரத்தில் சரியாக வந்து சேர்ந்துவிடுகிறார். பின்னால் பிளேக்கி ஒவ்வொரு சுற்றின் வாசலிலும் தன் முத்திரையான உருட்டல் ஒன்றைப் போட்டு அவரை அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிடுகிறார். கடைசியில் பிளேக்கிக்கும் தனியாக இடம் கிடைக்கிறது.

'டிக் டிஸ்', தலைப்புப் பாடலான 'சோல் ஸ்டேஷன்' இரண்டும் ப்ளூஸ் வாடையில் ஊறியவை. பின்னது ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல் போகும், யாருக்கும் அவசரமில்லை. 'ஸ்ப்ளிட் ஃபீலின்ஸ்' பெயருக்கேற்றபடி லத்தீன் நடைக்கும் ஸ்விங் நடைக்கும் மாறி மாறித் தாவும். கடைசிப் பாட்டான 'இஃப் ஐ ஷுட் லூஸ் யூ' மற்றவர்கள் உருகி உருகி வாசிக்கும் பாட்டு; மோப்லி அதையும் நடுத்தர வேகத்தில்தான் எடுக்கிறார்.

இந்த இசைத்தட்டின் குறை இங்கேதான் இருக்கிறது. இதில் மெதுவான பாலட் ஒன்றுகூட இல்லை. டெனர் சாக்ஸஃபோன் என்றாலே இரவு, தனிமை, கலங்கிய கண் என்று எதிர்பார்த்து வருகிறவருக்கு 'சோல் ஸ்டேஷன்' ஏமாற்றமாக இருக்கும். மோப்லியின் நாதத்தில் கண்ணீர் இல்லை. பெரிய நாதமும் அல்ல, சிறிய நாதமும் அல்ல, உருண்டையான நாதம் என்று அவரே அதைப் பற்றிச் சொன்னார். விளிம்பு எங்கும் குத்தாது. முதல் முறை கேட்கும்போது, இதில் என்ன பெரிய விஷயம் என்றுகூடத் தோன்றலாம்.

பக்கத்தில் டிரம்பெட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை, சான்று கையில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் அதே நால்வரும் அதே கூடத்தில் மீண்டும் கூடினார்கள். கூடவே இளைஞர் ஃப்ரெடி ஹப்பார்டின் டிரம்பெட். 'ரோல் கால்' என்ற அந்த இசைத்தட்டு அருமையானது, சூடானது. ஆனால் ஹப்பார்ட் வாயில் கருவியை வைத்த கணம் நம் காது அவர் பின்னால் ஓடிவிடுகிறது. மோப்லி என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், 'சோல் ஸ்டேஷனி'ல் நால்வர் அமைப்பு மோப்லிக்கு என்ன செய்துகொடுத்தது என்பது விளக்கமே இல்லாமல் விளங்கும்.

டெக்ஸ்டர்: மேடை முழுவதும் அவருடையது

மோப்லிக்கு உண்மையான போட்டி 'கோ'தான். 1962 ஆகஸ்ட் 27இல் பதிவானது. டெக்ஸ்டர் கார்டன் ஆறரை அடி உயர மனிதர். அவருடைய நாதமும் அதே அளவு. 1940களிலேயே புகழ் பெற்றவர், 1950களின் பெரும்பகுதியைப் போதைக்கும் சிறைக்கும் கொடுத்துவிட்டு மீண்டு வந்தவர். மீண்டவரின் தெம்பு இந்த இசைத்தட்டின் ஒவ்வொரு நொடியிலும் இருக்கிறது. பியானோவில் சன்னி கிளார்க், பாஸில் புட்ச் வாரன், டிரம்ஸில் எப்போதும் சிரித்த முகத்தோடு வாசிக்கும் பில்லி ஹிக்கின்ஸ்.

திண்ணையில் உட்கார்ந்து ஊரையே கட்டிப்போடும் கதைசொல்லியைப் போன்றவர் டெக்ஸ்டர். 'சீஸ் கேக்' தொடங்கிய அரை நிமிடத்தில் நீங்கள் அவர் பிடியில் இருப்பீர்கள். ஒவ்வொரு சுரத்தையும் அழுத்தமாக, தாளத்துக்குத் தாராளமாகப் பின்தங்கி, எந்தப் பதற்றமும் இல்லாமல் வைக்கிறார். நடுநடுவே வேறு பாட்டுகளின் துணுக்குகளைச் சொருகி விளையாடுகிறார். சில இடங்களில் அந்தச் சொருகல் அளவுக்கு மீறிப்போகும். கேட்பவரைப் பார்த்துக் கண்ணடிப்பது ஒரு முறை இனிக்கும், நாலாவது முறை கொஞ்சம் சலிக்கும்.

பாலட் என்று வந்துவிட்டால் மோப்லியின் இசைத்தட்டு வாயடைத்துப் போக வேண்டியதுதான். 'ஐ கெஸ் ஐல் ஹாங் மை டியர்ஸ் அவுட் டு டிரை', 'வேர் ஆர் யூ' இரண்டும் 'கோ'வில் இருக்கின்றன. பாலட் வாசிக்கும் முன் அதன் வரிகளை மேடையில் நின்று வாயால் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவது டெக்ஸ்டரின் வழக்கம். பாட்டின் சாகித்யம் தெரிந்து வாசிப்பவருக்கும் தெரியாமல் வாசிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டைக் கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஏன் இதை முதலிடத்தில் வைக்கவில்லை? 'கோ'வைக் கேட்டு முடித்தவரிடம் யார் வாசித்தார்கள் என்று கேட்டால் டெக்ஸ்டர் என்பார். வேறு யார் என்றால் யோசிப்பார். சன்னி கிளார்க் அதில் அற்புதமாக வாசித்திருக்கிறார் என்பது ஐந்தாறு முறை கேட்ட பிறகுதான் உறைக்கும். (பாவம் கிளார்க். அடுத்த ஜனவரியில், 31 வயதில் இறந்துபோனார்.) டெக்ஸ்டரின் ஆளுமை அப்படி, மற்ற மூவரும் அவர் நடப்பதற்குப் பாய் விரித்தவர்களாகிவிடுகிறார்கள். 'லவ் ஃபார் சேல்' என்ற கோல் போர்ட்டர் பாட்டு 'கோ'வில் இருக்கிறது. அதையே மோப்லியும் 1955இல் நால்வர் குழுவில் பதிவுசெய்திருக்கிறார். டெக்ஸ்டரிடம் அது ஒரு பெரிய மனிதர் அறைக்குள் நுழைவது மாதிரி. மோப்லியிடம் நால்வர் பேசிக்கொண்டே கடந்து போகும் ஒரு தெரு.

டெக்ஸ்டரை மறக்கப்பட்டவர் என்று சொல்லவும் முடியாது. 'கோ' பதிவான ஆண்டே ஐரோப்பாவுக்குப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் பாரிஸிலும் கோபன்ஹேகனிலுமாக வாழ்ந்தார். 1976இல் திரும்பியபோது நியூயார்க் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. 1986இல் வெளியான 'ரவுண்ட் மிட்நைட்' படத்தில் நடித்து ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்கே போனார். அதே 1986இன் மே மாதத்தில்தான் மோப்லி ஃபிலடெல்ஃபியாவில் நிமோனியாவால், ஏறக்குறைய யாரும் கவனிக்காமல், 55 வயதில் இறந்தார்.

கியூபெக்கும் எர்வினும்

ஐக் கியூபெக்கைப் பற்றி நீளமாக வாதிட வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது இரவு பத்து மணிக்கு மேல் விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்கும் இசை என்றால், நேராக 'ப்ளூ அண்ட் செண்டிமெண்ட'லுக்குப் போங்கள், இந்தக் கட்டுரையின் மீதியைப் படிக்க வேண்டாம். 1961 டிசம்பர் பதிவு. கியூபெக் 1918இல் பிறந்த பழைய தலைமுறை. சுரத்தைவிட மூச்சு அதிகம் கேட்கும் வாசிப்பு. தலைப்புப் பாடல் கவுண்ட் பேஸியின் வாத்தியக் குழு 1938இல் வாசித்துப் புகழ்பெற்றது. இங்கே பெரும்பாலான பாடல்களில் பியானோகாரர் என்று தனியாக ஒருவர் இல்லை, அந்த இடத்தில் கிராண்ட் கிரீனின் கிதார் இருக்கிறது. பாஸில் அதே பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். சில இடங்களில் கியூபெக்கே பியானோவில் உட்கார்ந்து கிரீனுக்குத் துணை வாசிக்கிறார். ஒரு பாட்டில் மட்டும் வேறு ஆட்கள், சன்னி கிளார்க்கும் அதில் உண்டு. எனவே கறாராகப் பார்த்தால் இது நம் ஒப்பீட்டில் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. கியூபெக்கின் இன்னொரு பெருமை இசைத்தட்டுக்கு வெளியே உள்ளது. தெலோனியஸ் மங்க், பட் பவல் போன்ற பியானோ கலைஞர்களை ப்ளூ நோட்டை நிறுவிய ஆல்ஃப்ரெட் லயனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முக்கியமானவர் அவர். 1963 ஜனவரியில், கிளார்க் இறந்த அதே வாரத்தில், நுரையீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

புக்கர் எர்வின் எதிர்த் துருவம். டெக்சாஸ்காரர். சிறுவயதில் டிராம்போன் வாசித்து, விமானப்படையில் ஒகினாவாவில் இருந்தபோது தானாகவே டெனர் கற்றுக்கொண்டவர். பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் குழுவில் கொதித்துப் பதம் வந்தவர். 1963 டிசம்பர் 3இல் பிரெஸ்டிஜ் நிறுவனத்துக்காக 'த ஃப்ரீடம் புக்' பதிவானது. பியானோவில் ஜாக்கி பயர்ட், பாஸில் ரிச்சர்ட் டேவிஸ், டிரம்ஸில் ஆலன் டாசன். நான்கு இசைத்தட்டுகளில் ஆபத்தை விரும்பும் தாளக்குழு இதுதான். பயர்டின் இரு கைகளிலும் ஜாஸ் பியானோவின் அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அவர் அடுத்த கணம் எந்தப் பத்தாண்டுக்குத் தாவுவார் என்று சொல்ல முடியாது. டேவிஸின் பாஸ் துணைக்கருவி என்ற எல்லைக்குள் நிற்பதே இல்லை. அவர்களுக்கு மேல் எர்வின், சுரங்களை நீட்டி, முறுக்கி, அழைப்பும் அலறலுமாக வாசிக்கிறார்.

இதில் 'எ டே டு மோர்ன்' என்று ஒரு பாட்டு. அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டுப் பதினோரு நாளே ஆகியிருந்தது. வான் கெல்டரின் அந்தக் கூடம் மற்ற மூன்று இசைத்தட்டுகளிலும் இதமான இடமாகத்தான் கேட்கும். இந்தப் பாட்டில் அதே கூடம் துக்க வீடாகிவிடுகிறது. இந்த நான்கு இசைத்தட்டுகளிலும் என்னை அதிகம் உலுக்கிய தனிப்பாட்டு எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஆனாலும் புதியவரிடம் இந்த இசைத்தட்டை முதலில் நீட்ட எனக்கு மனம் வருவதில்லை. எர்வின் மெட்டை எங்கே வளைக்கிறார் என்று ரசிக்க, வளையாத மெட்டு எப்படி இருக்கும் என்று காதுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கெனவே கோல்ட்ரேனில் ஊறியவர்களுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. அவர்கள் மோப்லியைத் தாண்டி நேரே எர்வினிடம் போகலாம். 39 வயதில், 1970இல், சிறுநீரகக் கோளாறால் இறந்த இவரையும் உலகம் போதிய அளவு கேட்கவில்லை.

ஏன் மோப்லியைக் கவனிக்கவில்லை

லெனர்ட் ஃபெதர் என்ற விமர்சகர் மோப்லியை டெனர் சாக்ஸஃபோனின் நடுத்தர எடைப்பிரிவுச் சாம்பியன் என்றார். பாராட்டுத்தான், ஆனால் குத்துச்சண்டை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கூட்டம் கூடுவது கனரக எடைப் போட்டிக்குத்தான். 'ஜெயண்ட் ஸ்டெப்ஸ்' வெளிவந்த 1960ஆம் ஆண்டில்தான் 'சோல் ஸ்டேஷ'னும் வெளிவந்தது. டெனர் இனி எங்கே போகும் என்று எல்லோரும் கோல்ட்ரேனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இருக்கும் இடத்திலேயே ஒருவர் நேர்த்தியாக வாசித்ததை யார் பார்ப்பார்கள்?

அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசமானது. மைல்ஸ் டேவிஸின் குழுவில் கோல்ட்ரேன் விட்டுச்சென்ற நாற்காலியில் மோப்லி உட்கார்ந்தார். 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' இசைத்தட்டின் தலைப்புப் பாடலில் மோப்லியும் வாசிக்கிறார், விருந்தினராக வந்த கோல்ட்ரேனும் வாசிக்கிறார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு எழுத இதைவிட வசதி விமர்சகர்களுக்கு வேண்டுமா? மைல்ஸும் தன் வரலாற்று நூலில், மோப்லியுடன் வாசிப்பது தனக்குச் சுவாரசியமாக இல்லை, தன் கற்பனையை அவர் தூண்டவில்லை என்று எழுதிவைத்துவிட்டார். மைல்ஸுக்கு வேண்டியிருந்தது தன்னோடு மோதும் ஆள். மோப்லி மோதுகிற ஆள் இல்லை. அவர் கவனித்து, இடம்விட்டு, சரியான இடத்தில் பதில் சொல்கிறவர். மைல்ஸுக்குக் குறையாகப்பட்ட அந்தக் குணம்தான் 'சோல் ஸ்டேஷ'னைப் புதிய காதுக்கு ஏற்றதாக்குகிறது என்பது என் வாதம். கெல்லி என்ன செய்கிறார், பிளேக்கி எங்கே தட்டுகிறார், சேம்பர்ஸின் நடை எப்போது மாறுகிறது என்பதெல்லாம் முதல் நாளே கேட்கும். நால்வரையும் தனித்தனியாகக் கேட்கப் பழகிவிட்ட காது, பிறகு டெக்ஸ்டருக்குப் பின்னால் கிளார்க்கையும் எர்வினுக்குப் பின்னால் டேவிஸையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

போதை வழக்குகள், சிறை, பிறகு நுரையீரல் நோய் என்று மோப்லியின் பின்வாழ்க்கை சிதைந்தது. 1970களின் நடுவோடு வாசிப்பதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. நிறுவனமும் தன் பங்குக்கு அவருடைய பல பதிவுகளை வெளியிடாமல் கிடங்கில் போட்டு வைத்தது. சில பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே வெளியே வந்தன.

மோப்லி என்று முடிவானால், எந்த மோப்லி

அவர் தலைமையில் ப்ளூ நோட்டுக்குச் செய்த நால்வர் குழுப் பதிவுகள் வேறும் உண்டு. முதலாவது 1955 மார்ச்சில், ஹாக்கென்சாக் வரவேற்பறையில் பதிவான பத்தங்குல இசைத்தட்டு. சில்வர், டக் வாட்கின்ஸ், பிளேக்கி உடன் இருக்கிறார்கள். மேலே சொன்ன 'லவ் ஃபார் சேல்' இதில்தான் வருகிறது. துடிப்பானது, ஆனால் உருண்டை நாதம் இன்னும் முழுதாக உருளவில்லை. மற்றொன்று 'அனதர் வொர்க்அவுட்'. பெரும்பகுதி 1961 டிசம்பரில் கெல்லி, சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸுடன் பதிவாகி, கிடங்கில் கிடந்து, 1980களின் நடுவில்தான் வெளிவந்தது. 'சோல் ஸ்டேஷ'னில் இல்லாத மெதுவான பாலட் இதில் இருக்கிறது: 'ஐ ஷுட் கேர்'. எனவே மோப்லியிடம் கண்ணீர் இல்லை என்று நான் சொன்னதற்கு இதையே எதிர்ச்சான்றாக நீங்கள் காட்டலாம், நானும் ஒப்புக்கொள்வேன். இரண்டாவதாக வாங்க வேண்டியது இது. முதலில் வாங்கினால் தவறில்லை, ஆனால் பிளேக்கியை இழப்பீர்கள். ஃபில்லி ஜோ கூர்மையானவர், சாதுரியமானவர். பிளேக்கியோ மோப்லியின் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறவர். தானாக முன்னால் பாயாத ஒரு கலைஞருக்கு அந்தக் கை தேவைப்பட்டது.

எந்த வடிவில் வாங்குவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். 1960இல் அச்சான முதல் பதிப்பு இசைத்தட்டு நல்ல நிலையில் இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் விலை போகும். அது சேகரிப்பவர்களின் பைத்தியம், கேட்பவர்களுக்கு அவசியமில்லை. நிறுவனமே புதிதாக அச்சிட்டு வெளியிட்ட இசைத்தட்டுகள் நன்றாக இருக்கின்றன. சுழல்மேசை இல்லாதவர்கள் அதற்காகவே ஒன்று வாங்கத் தேவையில்லை. வான் கெல்டர் பின்னாளில் தானே மறுபதிப்புக்குத் தயார்செய்த குறுந்தட்டு போதும். இணைய ஒலிச் சேவைகளிலும் நான்கு இசைத்தட்டுகளும் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஒரு கருவி இடது ஓரத்திலும் மற்றொன்று வலது ஓரத்திலும் ஒதுங்கி நிற்கும். காதுக்குள் பொருத்தும் இயர்ஃபோனில் இது ஒரு காதை மட்டும் இழுப்பதுபோல் உறுத்தும். அறையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் அந்த உறுத்தல் போய்விடும். அதற்கு வழியில்லாதவர்கள் மோனோ பதிப்பு கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் 'திஸ் ஐ டிக் ஆஃப் யூ', 'சீஸ் கேக்' இரண்டையும் ஒரே நாளில் கேட்டுப் பாருங்கள். இரண்டாவதுதான் உங்களை எழுந்து உட்கார வைக்கிறது என்றால் தயங்காமல் 'கோ'வை வாங்குங்கள். 'சோல் ஸ்டேஷ'னை ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம், அது எங்கும் போய்விடாது.